ஆபுத்திரனை மறந்த கப்பல்

கரையிறங்கி ஊர் பார்க்கப் போய்க் கப்பலைத் தவறவிட்டவர்களின் பட்டியல் ஒன்றைத் தமிழில் தயாரித்தால் அதில் முதல் பெயர் ஆபுத்திரனுடையதாகத்தான் இருக்கும். மணிமேகலையில் பாத்திரமரபு கூறிய காதையில் அவன் கதை வருகிறது. கையிலோ அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பாண்டிய நாட்டிலோ மழை பொழிந்து வளம் பெருகி, உண்பாரைத் தேடியும் காணவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கடலோடி வந்தவர்கள் சொல்லக் கேட்டுக் கப்பலேறுகிறான். நடுவழியில் காற்று மிகுந்து, பாய் இறக்கி, மணிபல்லவத்தில் கப்பல் ஒரு நாள் தங்குகிறது. ஆபுத்திரன் தீவில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி இரவில் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத் தீவில் அமுதசுரபிக்கு என்ன வேலை? அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

இருபது ஆண்டுகளாக நாங்கள் இருவரும் இந்தக் காதையை வகுப்பில் நடத்தி வருகிறோம். பசிப்பிணி பற்றியும் அறம் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். கப்பலில் இருந்த ஒருவர்கூட ஏன் ஆள் எண்ணிப் பார்க்கவில்லை என்ற எளிய கேள்வியை மட்டும் கேட்டதில்லை. 2023ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு பிற்பகல், திருகோணமலைத் துறைமுக வாயிலில், அந்தக் கேள்வி எங்கள் முன்னாலேயே வந்து நின்றது.

நண்பர் ஒருவர் தம் பெற்றோருடன் கப்பல் பயணம் போக இருக்கிறார். கப்பலில் எப்படி இருக்க வேண்டும், கரையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கியதுதான் நீண்டு இங்கே வந்திருக்கிறது. ஒரே ஒரு முறை கப்பலேறியவர்களின் அனுபவம் என்ற அளவில் வாசகர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்காகப் போனோம். எங்களில் ஒருவருக்குப் பெற்றவர், மற்றவருக்கு மாமியார், இருவருக்கும் அம்மாதான். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1957இல், அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். தஞ்சை மாவட்டத்துப் பழைய குடும்பங்களில் ரஜூலா என்ற பெயர் தெரியாத வீடு குறைவு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அறைகளில் போனவர்கள் சிலர். பாயும் டிரங்குப் பெட்டியுமாகத் தளத்தில் படுத்துப் போனவர்களே ஆயிரக்கணக்கானோர்.

அன்றைய நாகையில் பெரிய கப்பல் கரையணைய ஆழம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் போய் ஏற வேண்டும். ஆகவே அம்மா பார்த்ததெல்லாம் தகப்பனார் உட்கார்ந்திருந்த படகையும், தொலைவில் கொஞ்சம் புகையையும்தான். அவர் திரும்பி வரவில்லை. 1962இல் வேறொருவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். கப்பல் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா கேட்பது ஒரே கேள்வி: "எங்கப்பா அதுல எங்க படுத்திருந்திருப்பாரு?"

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைத் துறைகளுக்கு உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியபோது, அம்மாவைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்த நேரம். குறுவைக்கு ஆள் தேட வேண்டிய வேளையில் உல்லாசம் கேட்கிறதா என்று சித்தப்பா முகம் சுளித்தார். அம்மா வாயே திறக்கவில்லை. முதல் நாளே பையைக் கட்டி வாசல் திண்ணையில் வைத்துவிட்டார்.

இனிக் குறிப்புகள். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். தஞ்சாவூரில் இரவு ரயிலேறி விடியலில் எழும்பூரில் இறங்கிவிடலாமே என்று தோன்றும். ரயில் நான்கு மணி நேரம் தாமதமானால் அடுத்த ரயில் உண்டு. கப்பலுக்கு அடுத்த கப்பல் கிடையாது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். இது தெரியாமல் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டோம். பகல் சாப்பாட்டு நேரமும் போய், விளக்கு வைத்த பிறகுதான் பெட்டி வந்தது. மருந்து, மருந்துச் சீட்டு, கடவுச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். ஒரு சால்வையும் வேண்டும். வெளியே கடல் வெயில் கொளுத்தும். உள்ளே குளிரூட்டியின் காற்று எலும்புவரை போகும். மார்கழிப் பனியில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் இருந்த அம்மாவே முதல் இரவு நடுங்கிப்போனார்.

சோதனையில் அம்மாவின் பையிலிருந்து கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் மின்கெண்டி போன்றவற்றையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. அம்மாவுக்குக் கற்பூரம் போனதில் வருத்தம்தான். ஆனால் கப்பலில் நெருப்பு என்பது விளையாட்டில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகமிருக்க வேண்டும். ரஜூலாவுக்குப் பின் அதே வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் சென்னைக்குத் திரும்பும் வழியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் மாண்டார்கள், அத்துடன் அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. எனவே ஏறிய அன்றே நடக்கும் ஆபத்துக்காலப் பயிற்சியை அலட்சியம் செய்யாதீர்கள். மணியடித்தால் எந்தப் படிக்கட்டு, எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்பதைப் பெரியவர்களை ஒரு முறை நடத்திச் சென்று காட்டுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. புறப்படும் முன்னரோ புறப்பட்டவுடனேயோ நடத்த வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது.

அறை எடுக்கும்போது, ஜன்னலுக்காக மேல்தளத்து முனையில் எடுப்பதைவிட, கப்பலின் நடுவில் கீழ்த்தளத்தில் எடுப்பது வயிற்றுக்கு நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். தொடங்கிய பின் போட்டால் பாதிதான் கேட்கும். குமட்டினால் அறைக்குள் படுக்காமல் திறந்த தளத்துக்கு வந்து, அசையாமல் இருக்கும் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைவயிறும் கூடாது. அம்மா கொண்டுவந்திருந்த காய்ந்த நார்த்தங்காய், ஒரு நாள் முழுக்க எங்கள் தளத்தில் நாலு குடும்பங்களுக்கு மருந்தாக இருந்தது.

வழி தவறுவதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கப்பலின் நடைபாதைகள் தெருக்கள் மாதிரி நீளம். கதவுகளெல்லாம் ஒரே அச்சு. எண்ணும் எழுத்தும் ஆங்கிலம். படித்தவர்களுக்கே முதல் நாள் தலைசுற்றும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் அறைக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். மறுநாள் அதே தளத்தில் இன்னொரு பாட்டியும் தம் அறைக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பலில் காசு கைமாறாது. அறைச்சாவி அட்டையிலேயே கணக்கு ஏறும். காசு கண்ணில் படாததால் செலவு தெரியாது. இறங்குவதற்கு முந்தைய இரவே கணக்குச் சீட்டை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். கைப்பேசியைப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் அது தானாகச் செயற்கைக்கோள் வலையைப் பிடித்தால் வரும் கட்டணம் திகைக்க வைக்கும்.

சாப்பாடு தனிக்கதை. விடிந்ததிலிருந்து நள்ளிரவுவரை ஏதாவது ஒரு கூடத்தில் உணவு பரப்பியிருக்கும். முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிறகு தட்டை எடுங்கள். பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். வாரிக்கொண்டு வந்து, பாதி தின்று, பாதியை மேசையிலேயே விட்டுப் போகிறார்கள். தரையில் சிந்திய நெல்லைக் கூட்டி, புடைத்து, முறத்தில் சேர்க்கும் வீட்டில் வளர்ந்த அம்மாவுக்கு அந்தத் தட்டுகளைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் நாளிலிருந்து மேசைகளுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார். அமுதசுரபியைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு ஆபுத்திரனை மட்டும் இறக்கிவிட்டார்கள்போல என்று நாங்கள் பேசிச் சிரித்தோம். சிரித்தது இப்போது உறுத்துகிறது.

இரண்டாம் இரவு நாலரை மணிக்கு விழித்தபோது அம்மாவின் படுக்கை காலியாக இருந்தது. அடுத்த கால் மணி நேரத்தை விவரிக்க வேண்டாம். மேல்தளத்தில், சாய்வு நாற்காலிகளுக்கு நடுவே, வெறும் மரத்தரையில் சால்வையை விரித்துப் படுத்திருந்தார். முதியவருக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து, பணியாளர் இளைஞர் ஒருவர் கம்பளியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. "இப்புடித்தான் இருந்திருக்கும்போல. தரை அதிருது பாருங்க, முதுகுல" என்றார். நாங்களும் படுத்துப் பார்த்தோம். அதிர்ந்தது. விடியும்வரை மூவரும் அங்கேயே கிடந்தோம். பயணச் சீட்டில் அச்சிட்டிருந்த எந்தக் கேளிக்கையும் எங்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஈடாகவில்லை.

கரையிறங்குவதுதான் இந்தக் கட்டுரையின் காரணம். துறையில் கப்பல் நிற்கும் நேரம் வேறு, நம் கையில் இருக்கும் நேரம் வேறு. கப்பல் புறப்படுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். இறங்கும் வரிசை, சோதனை எல்லாம் போக எட்டு மணி நேரம் ஐந்தாகிவிடும். நேரத்தைக் கப்பல் கடிகாரத்தோடு ஒத்துவைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கும் நமக்கும் இன்று ஒரே நேரம். பினாங்கு, சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி முன்னால். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவுக்குக் கட்டணம் அதிகம். ஆனால் அது தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமே வண்டி பேசிக்கொண்டு போனால் காத்திராது. அன்றன்று அறைக்கு வரும் தகவல் தாளில் உள்ளூர் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அந்தத் தாளை மடித்து ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். கடவுச்சீட்டின் படியையும், கப்பலின் பெயரையும், அறை எண்ணையும் சேர்த்து வையுங்கள். கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

இவற்றில் பாதியை நாங்கள் அன்று செய்யவில்லை. செலவைக் குறைக்க, கப்பலில் பழக்கமான மன்னார்குடிக் குடும்பத்தோடு சேர்ந்து நாங்களே இரண்டு ஆட்டோ பேசினோம். அவர்கள் மூவர், நாங்கள் மூவர். கோணேசர் கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள், கடலுக்கு மேல் செங்குத்தாக எழும் பாறையின் தலையில் இருக்கிறது. சீகாழிப் பிள்ளை சம்பந்தர் பாடிய தலம். 1622இல் போர்த்துகீசியர் இடித்த பழைய கோயிலின் கதை எங்களுக்குத் தெரியும். இராவணன் வெட்டு தெரியும். ஒன்றையும் விடக்கூடாது என்ற பேராசையும் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீங்க பாத்துட்டு வாங்க, நான் கீழ இருக்கேன்" என்று செருப்பு விட்ட இடத்தருகே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது நேரம் நெருக்கியது. எங்களில் ஒருவர் மன்னார்குடித் தம்பதியோடு முன் ஆட்டோவில் ஏறினார். மற்றவர் கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு, அவர்கள் மகனோடு பின் ஆட்டோவில் வந்தார். அம்மா பின்னால் வருகிறார் என்று முன்னவர் நினைத்தார். முன்னால் போய்விட்டார் என்று பின்னவர் நினைத்தார். துறைமுக வாயிலில் இரண்டு ஆட்டோக்களும் நின்றன. ஐந்து பேர் இறங்கினோம்.

மணி மூன்று ஐம்பது. நாலரைக்குள் ஏற வேண்டும். அம்மாவிடம் கைப்பேசி இல்லை, தாள் இல்லை, காசு இல்லை. நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் பாய்ந்து ஏறித் திரும்பினோம். ஒருவராவது வாயிலில் நின்று கப்பலுக்குச் சொல்ல வேண்டும் என்ற அறிவுகூட இல்லை. அதை மன்னார்குடி இளைஞர்தான் செய்தார். வழியெல்லாம் நாங்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி பிழை சரிபாதியாக இருந்தது.

அம்மா விட்ட இடத்திலேயே இருந்தார். பக்கத்தில் அர்ச்சனைத் தட்டு விற்கும் அம்மையார். எதிரில் கோட்டை மான் ஒன்று. கையில் தேநீர்க் கோப்பை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் எங்களைத் தேற்றினார்: "நான் எழுந்து தேடிப் போயிருந்தாத்தான் தப்பு. விட்ட எடத்துல இருந்தா வந்து எடுத்துக்குவீங்க." பயணக் கையேடு எதையும் விட இது நல்ல விதி. ஒவ்வொரு குடும்பமும் இறங்குமுன் இதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது அந்த அம்மையார் மெதுவாகச் சொன்னார்: "எந்தக் கப்பலில வந்தனீங்கள் எண்டு கேட்டன். ரஜூலா எண்டு சொன்னவ." நாங்கள் வந்த கப்பலின் ஆங்கிலப் பெயர் அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. அதை எழுதிக் கொடுக்க எங்களுக்கும் தோன்றவில்லை. அறுபத்தாறு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்த கப்பல் ஒன்றுதான்.

நாலேகாலுக்கு வாயில் கடந்தோம். கப்பல் எங்களால் தாமதமாகவில்லை. ஒரு வண்டி பழுதாகியிருந்தால், ஒரு தெரு அடைத்திருந்தால், நிலைமை வேறு.

அன்று இரவு அம்மா தானாகப் பேசினார். நாகையில் தகப்பனாரை வழியனுப்பியபோது, பாட்டி கரையில் நின்று படகில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டே இருந்தாராம். பெட்டி படுக்கையை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் எண்ணினாராம். படகு கப்பலிடம் போய்ப் பிறகு கரைக்குத் திரும்பியது. அதில் இருந்தது துடுப்புப் போடுகிறவர்கள் மட்டும்தானா என்று மறுபடி எண்ணினாராம். "எண்ணித்தான் அவரு ஏறிட்டாருன்னு தெரிஞ்சுகிட்டோம்" என்றார் அம்மா. எங்களைக் குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்கு ஞாபகம் வந்தது, சொன்னார்.

ஆகவே நண்பருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்தக் குறிப்புகளில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. இறங்கும்போது எண்ணுங்கள், வண்டி ஏறும்போது எண்ணுங்கள், கப்பல் ஏறும்போது எண்ணுங்கள். ‘ஏறியிருப்பார்’ என்று நினைக்காமல், முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். உங்கள் கூட்டத்தில் மெல்ல நடப்பவர் எவரோ அவருடைய காலுக்கு ஏற்ற ஊரை மட்டும் பாருங்கள். பார்க்காமல் விட்ட கோபுரம் அங்கேயேதான் இருக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14இல் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் மீண்டும் ஓடியது. செய்தித்தாளில் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா இரண்டு கேள்விகள் கேட்டார். இப்போதும் படகில் போய்த்தான் ஏற வேண்டுமா என்பது முதலாவது. வேண்டாம், துறைமுகத்திலேயே ஏறலாம் என்றோம். எத்தனை பேர் ஏறுவார்கள் என்றார். நூற்றைம்பது என்றோம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவ்வளவுதானா? எண்ணிடலாம்."